நேராகப் படிக்கிற முத்திரை

அப்பாவை எழும்பூர் மியூசியத்துக்குள் கூட்டிப்போனது இரண்டாவது முயற்சியில்தான். முதல் தடவை வெள்ளிக்கிழமையில் போய் நின்றோம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. கல்வெட்டியல் டிப்ளமோ படிக்கிற எனக்கு அதுகூடத் தெரியவில்லை என்பதை, ரயில் பட்டரவாக்கம் வந்து சேரும்வரை அப்பா சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் மோல்டர். மோல்டராக இருந்தார் என்று சொல்லவேண்டும். பின்தெரு ஒன்றில் ஒரு சின்ன ஃபவுண்டரி. மணலில் அச்சு எடுத்து பம்ப் மூடி, வால்வு, கன்மெட்டல் புஷ் என்று ஊற்றுவார்கள். 22 வருஷம். ஒரு தீபாவளி முடிந்த வாரம் ஷட்டர் திறக்கவில்லை, அதன்பிறகு திறக்கவே இல்லை. பி.எஃப். கணக்கைப் பார்த்தால் கடைசி 9 வருஷம் மட்டும்தான் அவர் பெயர் இருந்தது. முந்தைய 13 வருஷம் அவர் அங்கே நின்று உலோகம் ஊற்றியதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சம்பளம் கவரில் வரும். கவரைக் கிழித்து அம்மா பால் கணக்கு எழுதுவாள்.

அந்த நாட்களில் அவர் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க முடியாமல்தான் மியூசியத்துக்குக் கிளப்பினேன். எனக்கும் ஒரு வேலை இருந்தது, திருவாலங்காட்டுச் செப்பேட்டின் முத்திரையை நேரில் பார்க்கவேண்டும்.

திருவாலங்காடு நம்ம லைன்தான். ஆவடி, திருவள்ளூர் தாண்டி அரக்கோணம் போகிற வண்டி நிற்கும். அங்கே 1905-இல் வெளிப்பட்டது அந்தச் செப்பேடு. 31 ஏடுகள். முதல் ராஜேந்திர சோழன் பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததற்கான பத்திரம். ஏடுகளை ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனைகளும் சேரும் இடத்தில் கனமான ஒரு வட்ட முத்திரை. உட்கார்ந்திருக்கும் புலி, இரண்டு மீன், வில். மேலே குடை, சாமரங்கள், பக்கங்களில் விளக்குகள். விளிம்பைச் சுற்றிக் கிரந்த எழுத்து.

புலி சோழர், மீன் பாண்டியர், வில் சேரர். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். சோழன் தன் முத்திரையில் மற்ற இருவரின் சின்னத்தையும் போட்டுக்கொண்டால், அவர்கள் நாடும் என்னுடையது என்று அர்த்தம். நான் அப்பாவிடம் விளக்கினேன். "ராஜாவோட சீல்பா. ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி." அப்படியே விளிம்பு எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். அரசர்களின் மகுட ரத்தினங்கள் மேல் வீற்றிருக்கும் இது பரகேசரிவர்மனான ராஜேந்திர சோழனின் ஆணை என்கிற மாதிரி வரும்.

"பாப்பா, இரு. நேராவா படிக்கிற?"

"ஆமாப்பா."

"ஸ்டாம்ப்னா எழுத்து திரும்பியில்ல இருக்கணும்? இத எதுலயாவது குத்துனா தலைகீழா இல்ல வுழும்? இது குத்துற சாமான் இல்ல. இதுவே குத்தி முடிச்ச சாமான்."

எனக்கு முகம் சூடானது. 'முத்திரை' என்ற சொல்லை ஒரு வருஷமாக எழுதுகிறேன், கையில் பிடித்துக் குத்துகிற பொருளாகவே அதை மனதில் வைத்திருக்கிறேன். அவர் சொன்னதுதான் சரி. அது கருவி அல்ல, கையெழுத்தும் பூட்டும் சேர்ந்த ஒன்று. வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டை உருவவும் முடியாது, புதிதாக ஒன்றைச் செருகவும் முடியாது.

அப்பாவுக்கு இது தெரிவதில் ஆச்சரியமில்லை. ஃபவுண்டரியில் மோல்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. வார்ப்பில் ஓட்டை விழுந்தால் யார் அச்சு என்று பிடிப்பதற்காக. அப்பா 14. மணலில் அதைத் திருப்பி எழுதினால்தான் உலோகத்தில் நேராக வரும். சின்ன வயதில் என் பெயரை ஸ்லேட்டில் கண்ணாடி எழுத்தில் எழுதிக் காட்டுவார், எனக்கு அது பெரிய மாயாஜாலம்.

கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெட்டி இரண்டாகப் பிரிந்த கோடு தெரியவில்லை, மணல் அச்சாக இருக்காது, மெழுகாக இருக்கும் என்றார். அது அவருடைய கருத்து. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் நிற்கிற திருவாலங்காட்டு நடராஜர் மெழுகு வார்ப்புதான். மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவது. ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். "ரிஜெக்ட் ஆச்சுன்னா மொதல்லேர்ந்து," என்றார் நடராஜரைப் பார்த்து. பக்தியைவிடப் பரிதாபம்தான் அதிகம் இருந்தது அந்தக் குரலில்.

செப்பேட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கொடை நடந்தது ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில். ஆனால் சமஸ்கிருதப் பகுதி கங்கைப் படையெடுப்பையும் கடாரத்தையும் பாடுகிறது. கடாரம் நடந்தது 1025-இல். ஆகவே அந்தப் பகுதி பிறகு சேர்ந்தது என்று கொள்கிறார்கள். அப்பா சிரித்தார். "பில்லு ஒரு தேதி, டெலிவரி ஒரு தேதி. எங்க கம்பெனிலயும் அப்டித்தான்."

திரும்பும் வண்டியில் நியூசிலாந்து மணியைப் பற்றிச் சொன்னேன். 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் மவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். பாத்திரம் இல்லை, உடைந்த கப்பல் மணி. அதன்மேல் இருந்தது தமிழ் எழுத்து, மொகிதீன் பக்ஷ் என்ற பெயரோடு கப்பல் மணி என்று. இப்போது வெலிங்டனில் டெ பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பல் எப்படி அந்தப் பக்கம் போனது என்பதற்குச் சாட்சி இல்லை, மணிக்கு மட்டும் பெயர் இருக்கிறது.

அப்பா கொரட்டூர் வரைக்கும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவுக்கு அண்டக் கொடுத்திருந்த பம்ப் மூடியை எடுத்து, புளி போட்டுத் தேய்த்தார். பச்சை போய் கம்பெனி எழுத்து தெரிந்தது, பக்கத்தில் 14. கீழே பேட்டர்ன் வருஷம். அவர் பெயர் பட்டியலில் ஏறுவதற்கு 7 வருஷம் முந்தையது.

மனுவோடு அதன் போட்டோவையும் வைத்தோம். கவுண்டரில் இருந்தவர் நல்லவர்தான், மூடியையே கையில் வாங்கி எடை பார்த்தார். "14-னுதான் இருக்கு. அது நீங்கதான்னு யார் சொல்றது?"

பழையனூர் என்றாலே நீலி கதைதான் ஞாபகம் வரும். நீலியை நம்பச் சொல்லி ஜாமீன் நின்ற எழுபது வேளாளர்கள், சொல் தவறிப்போனதும் தீயில் இறங்கினார்கள் என்பார்கள். எங்களுக்கு இருவர் கையெழுத்துப் போட்டால் போதும். 15-ஆம் நம்பர் இறந்துவிட்டார். 11 எங்கே என்று தெரியவில்லை. 13 திருவள்ளூரில் மகன் வீட்டில் இருக்கிறார். வலது கை விழுந்துவிட்டதாகக் கேள்வி. கைநாட்டு செல்லுமா என்று விசாரித்தேன், சாட்சிக் கையெழுத்தோடு செல்லுமாம்.

ஞாயிற்றுக்கிழமை போகிறோம். நேற்று ராத்திரி அப்பா கேட்டார், "திருவள்ளூர்லேர்ந்து ஆலங்காடு எவ்ளோ தூரம்?"

"அஞ்சாவது ஸ்டேஷன்பா."

"அப்ப டிக்கெட்ட அதுவரைக்கும் எடு."