காற்று ஊதிய கைகள்

உழைப்பைப் போற்றும்போது நாம் சம்மட்டியைப் பற்றிப் பேசுகிறோம். ஓங்கிய கையும் சிவந்த இரும்பும் தெறிக்கும் பொறியும் சுவரொட்டிக்கு ஏற்ற காட்சிகள். ஆனால், அந்த இரும்பு சிவப்பதற்காகத் துருத்தியின் அருகே குந்தியிருந்து காற்று ஊதியவரை எந்தச் சுவரொட்டியிலும் காண்பதரிது. புறநானூற்றிலே பொன்முடியார் பாடிய புகழ்பெற்ற பாடலொன்று தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளங்காளை ஆகியோருக்கு உரிய கடமைகளை வரிசைப்படுத்துகின்றது. கொல்லனுக்கு அங்கே இடமுண்டு. அவனது உலைக்குக் காற்று ஊதியவருக்கு இல்லை.

இப்பாடலைப் பல ஆண்டுகளாக வகுப்பிலே கற்பித்துவரும் தமிழாசிரியன் நான். இந்த இடைவெளியை எனக்குக் காட்டியது உரைநூலன்று. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டு.

அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாடு நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்சாரமின்றிக் கிடந்தது. நான் கற்பிக்கும் வடமராட்சிக் கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறை உண்டு. பாரவூர்திகளிலிருந்து கழித்த வில்லுத் தகடுகளைக் காய்ச்சி, பாளைக்கத்தி, சத்தகம், மண்வெட்டி, கோடரி முதலியவற்றை அடிக்கின்ற இடம். எரிபொருள் சிரட்டைக்கரி, காற்றுக்கு மின்சாரத்தில் ஓடும் சிறியதொரு புளோவர். மின்சாரம் நின்றதும், பரணிற் கிடந்த பழைய கைச்சக்கரம் கீழே இறங்கியது. சக்கரம் இறங்கினால் அதைச் சுற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும். காலையில் மனைவி சுற்றினார். மற்ற நேரங்களில் மகன் சுற்றினான். அவன் பத்தாம் வகுப்பில் என் மாணவன். வாரத்தில் மூன்று நாட்கள் அவனது இருக்கை வெறுமையாக இருந்தது.

காரணம் அறியச் சென்றேன். கரித்தூள் படிந்த முகத்தோடு என்னைக் கண்ட பையன் சக்கரத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இரும்பு ஆறிவிடும். தகப்பன்தான் பேசினார்.

"கறண்ட் இருந்தால் நான் ஏன் மாஸ்ரர் இவனை மறிக்கிறன்? ஆளைக் கூலிக்குப் பிடிச்சால் கத்தி வித்த காசு அவருக்குத்தான் காணும்."

பிள்ளையின் படிப்பைக் கெடுக்கும் பெற்றோர் என்று நமது ஆசிரியர் அறைகளில் எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுவோம். அந்தத் தீர்ப்பை எழுதுமுன் கணக்கொன்றைப் பார்க்க வேண்டும். கடையில் வெளிநாட்டுக் கத்தி மலிவாகக் கிடைக்கும்போது, உள்ளூர்க் கொல்லர் தம் பொருளின் விலையை உயர்த்த முடியாது. கரியின் விலை அவர் கையில் இல்லை. மின்சாரமும் அவர் கையில் இல்லை. விலை கொடுக்காமல் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பொருள் வீட்டாரின் உழைப்பு. ஆகவே, நாடு பட்ட கடனின் ஒரு பங்கை அந்தச் சிறுவனின் தோள் சுமந்தது என்பதே உண்மை.

காற்று ஊதுவதை மனிதரின் தோளிலிருந்து இறக்க வேண்டும் என்ற எண்ணம் இத்தீவுக்குப் புதியதன்று. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய இரும்புருக்கு உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜுலெஃப் ஆராய்ந்தார். மேற்கு நோக்கிய மலைச் சரிவுகளில் அமைந்திருந்த அவ்வுலைகள், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தையே பயன்படுத்தி இயங்கின. அவற்றைப் போன்ற உலையை மீண்டும் கட்டி, இரும்பை உருக்கிக் காட்டிய அவரது முடிவுகள் 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியாயின. பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர் காற்றையே தமக்கு வேலை செய்ய வைத்திருந்தார்கள்.

நமது சமதரையில் அந்த மலைக்காற்று இல்லை. ஆனால், வளியைத் தானே இழுத்துக்கொள்ளும் உலையொன்றை வேறு வழியிற் செய்யலாம் என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியர் கூறினார். 2023இல், எரிவாயுவுக்காக வீதிகளில் வரிசையாக நின்ற சிலிண்டர்கள் மறைந்த பின்னர், நாங்கள் மூவரும் வேலையைத் தொடங்கினோம்.

பத்து அங்குல விட்டமும் 14 அங்குல நீளமுமுள்ள பழைய இரும்புக் குழாய்த் துண்டுதான் உலையின் உடல். உட்புறத்தில், 1,260 பாகை செல்சியஸ் தரமுடைய பீங்கான் நார் விரிப்பு இரண்டு படை. ஒவ்வொன்றும் ஓர் அங்குலத் தடிப்பு. அந்த நாரின் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. ஆகையால் முகமூடி அணிந்தே வெட்டினோம். மேலே நெருப்புச் சாந்து பூசி இறுக்கினோம். சுடர்க்குழாய் முக்கால் அங்குலம். அதன் பின்வாய் அகன்றது. அதன் நடுவிலே, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த துளையுடைய பித்தளை முனை. சமையலறைச் சீராக்கியின் அழுத்தம் இதற்குப் போதாது. உயரழுத்தச் சீராக்கி தேவை. அழுத்தத்தோடு பாயும் வாயு, சூழவுள்ள வளியையும் இழுத்துக்கொண்டு குழாயினுள் நுழைகின்றது. இத்தாலியப் பௌதிகவியலாளர் வெஞ்சூரியின் பெயரால் இவ்வகைக் குழாய் அழைக்கப்படுகின்றது. ஒரு பங்கு புரொப்பேன் முற்றாக எரிய ஏறக்குறைய 24 பங்கு வளி வேண்டும். அந்த 24 பங்கையும் எவருடைய தோளும் தள்ள வேண்டியதில்லை. மின்சாரமும் தள்ள வேண்டியதில்லை.

அயலவர் அஞ்சினர். 2021இன் இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு வெடித்த செய்திகளை அவர்கள் மறந்திருக்கவில்லை. அச்சம் நியாயமானதே. புரொப்பேன் வளியிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமானது. கசிந்தால் நிலத்தோடு படியும். ஆகவே, சிலிண்டரைக் கூரைக்கு வெளியே வைத்தோம். இணைப்பு ஒவ்வொன்றையும் சவர்க்கார நுரையால் சோதித்தோம். நச்சுவாயு தேங்காதிருக்கப் பட்டறையின் இரு பக்கத் தட்டிகளையும் கழற்றினோம்.

புத்தகம் படித்தவர்கள் நாங்கள் இருவர். எனினும் உலை ஒழுங்காக எரிந்தது கொல்லரின் செவியால். முதல் நாள் சுடர் இருமி இருமிக் குழாய்க்குள் பின்வாங்கியது. அவர் சிறிது நேரம் கண்ணை மூடிக் கேட்டார். "சத்தம் பிழை" என்றார். பித்தளை முனையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார், உறுமல் சீரானது. சுடர் இரும்பில் நேராக மோதாமல் சுவரைச் சுற்றிச் சுழலும்படி குழாயைச் சரிக்கச் சொன்னவரும் அவரே. நேராக மோதினால் செதில் கூடும் என்பது அவர் கண்ட உண்மை.

பின்னர் விஞ்ஞான ஆசிரியர் கம்பியில் ஒரு காந்தத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். இரும்பு ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் காந்தக் கவர்ச்சியை இழக்கும். வில்லுத் தகட்டைத் தோய்ப்பதற்கு உரிய சூடு அதற்குச் சற்று மேலே. கொல்லர் நிறத்தைப் பார்த்து, "இப்ப" என்றார். காந்தம் ஒட்டவில்லை. மூன்று முறை சோதித்தோம்; மூன்று முறையும் அவர் கண் தவறவில்லை. பதினோராம் வகுப்பு வரைகூடப் படிக்காத அந்த மனிதரிடம் இருப்பதை அறிவு என்று அழைக்க நமது பரீட்சைத் தாள்கள் இன்னும் பழகவில்லை. 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு உண்டு. அவர் மகன் இன்று தெரிவுசெய்திருப்பதும் அதையே. எனினும், அவன் தன் தகப்பனின் தொழிலை எழுதும்போது பேனை தயங்குவதை நான் கண்டிருக்கின்றேன்.

இங்கேதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. காற்று ஊதுவது களைப்பு. நிறத்தை அறிவது கலை. நல்ல கருவி முதலாவதை மனிதரிடமிருந்து எடுத்துக்கொண்டு, இரண்டாவதை அவரிடமே விடும். கொல்லரின் கண்ணுக்கு எங்கள் உலை போட்டியாக வரவில்லை. சக்கரத்தின் அருகிலிருந்த பலகை மட்டும் வெறுமையாகியது.

ஆனால், கதை இவ்வளவோடு முடிந்துவிட்டதென்று கூறுவது பொய்யாகும். மண்வெட்டியின் அகலம் எங்கள் உலையின் வாய்க்குள் நுழையாது, அதற்குக் கரியுலைதான். மேலும், எரிவாயு கப்பலில் வருவது. டொலர் இல்லாதபோது அது வராது என்பதை நாம் கண்டோம். கொல்லர் கைச்சக்கரத்தை எண்ணெய் பூசிப் பரணில் வைத்திருக்கின்றார்.

"கப்பல் நிண்டால் திரும்ப இதுதான், மாஸ்ரர்."

காற்று ஊதும் வேலையிலிருந்து விடுபட்டவர், வாயு விற்பவருக்குக் கட்டுப்பட்டார். இதை மறைத்துவிட்டு விஞ்ஞானத்தின் வெற்றியைப் பாடுவது நேர்மையாகாது. இதற்கு முழு விடை எங்கள் கிராமத்தில் இல்லை. ஒரு சிறு விடை உண்டு. அயலூர்க் கொல்லர் இருவர் அவருடன் சேர்ந்துகொண்டனர். தோய்க்க வேண்டிய கத்திகளை ஒரே நாளிற் கொண்டுவந்து ஒரே உலையிற் காய்ச்சுகிறார்கள். சிலிண்டரின் விலையை மூன்றாகப் பங்கிடுகிறார்கள். விலையைக் குறைத்துக் கேட்கும் வியாபாரியிடமும் இப்போது மூவருமாகவே பேசுகிறார்கள்.

ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் நாளை ஓர் இருக்கை வெறுமையாக இருந்தால், வரவுப் பதிவேட்டில் குறியிட்ட பின்னர் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே எந்தச் சக்கரம் சுற்றுகின்றது என்று பாருங்கள். அதை நிறுத்தக்கூடிய கருவி ஒன்று இருக்குமானால், அதனால் யாருடைய கை விடுபடும், அதன் திறப்பு யாருடைய கையில் இருக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் அந்த வீட்டாரோடு இருந்து பேசுங்கள்.