முதலில் போர்டைப் பாருங்கள்

"ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், கேமிங் கேபினட், பதினைந்தாயிரம் ரூபாய்தான்" என்ற விளம்பரத்தைப் போனில் காட்டி, "அண்ணா, இதை வாங்கலாமா?" என்று கேட்காத கல்லூரிப் பையன் அபூர்வம். விளம்பரத்தில் பொய் இல்லை. உள்ளே இருப்பது ஐ7தான். ஆனால் அது பெரும்பாலும் ஐ7-2600 ஆக இருக்கும். 2011 ஜனவரியில் வந்த பிராசஸர். அதைத் தாங்குவது அதே காலத்து எச்61 வகை மதர்போர்டு. கேபினட்டில் வண்ண விளக்கு எரியும், ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்காது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. வலோரன்ட் விளையாட்டோ விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இல்லாமல் ஓடாது. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பைக் கேட்கும் புதிய கேம்கள் அந்த ஐ7-இல் திறக்கவே திறக்காது. நான்கே கோர் உள்ள ஐ3-12100எஃப் அதைத் தாராளமாக முந்திவிடும்.

சென்னை ரிச்சி தெருவில் பொருள் எடுத்து, அசெம்பிள் செய்து கொடுப்பது என் பிழைப்பு. யாராவது "எந்த பிராசஸர் போடலாம்?" என்று கேட்டால், "எந்த போர்டு?" என்று திருப்பிக் கேட்பேன். பிராசஸரை இன்றைய தேவைக்கு வாங்கு, போர்டை நாளைய தேவைக்கு வாங்கு என்பதே என் கணக்கு. பிராசஸரைச் சில வருடம் கழித்துக் கழற்றி விற்றுவிட்டு, பத்து நிமிடத்தில் வேறொன்றை மாட்டலாம். போர்டை மாற்றுவதென்றால் மொத்தக் கம்ப்யூட்டரையும் பிரித்துப் போட வேண்டும். புதிய போர்டு வேறு ரேம் கேட்டால் அதற்கும் தனியாக அழ வேண்டும்.

இதற்கு 2017-ஐ விட நல்ல சாட்சி கிடையாது. அந்த ஆண்டு ஏஎம்டி நிறுவனம் ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் பிராசஸர்களைக் கொண்டுவந்தது. அப்போது பி350 போர்டில் ரைசன் 3 1200 என்ற நான்கு கோர் பிராசஸரைப் போட்டவர், 2022-க்குப் பிறகு பயாஸை அப்டேட் செய்து, அதே போர்டில் ஆறு கோர் ரைசன் 5 5600-ஐ மாட்ட முடிந்தது. பழைய போர்டுகளுக்கும் 5000 வரிசை ஆதரவு உண்டு என்று 2022-இல் ஏஎம்டியே அறிவித்தது. அதே 2017-இல் எச்110 போர்டு வாங்கிய இன்டெல்காரரின் கதை வேறு. அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தது. சாக்கெட் பெயர் அதே 1151தான், பிராசஸர் குழியில் உட்காரவும் செய்யும். ஆனால் பழைய போர்டில் ஓடாது. இருவரும் ஒரே காலத்தில் பணம் போட்டவர்கள். ஒருவருக்கு பிராசஸர் செலவோடு முடிந்தது. மற்றவர் போர்டையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது.

சரி, பிராசஸர் எவ்வளவு போதும்? கேமில் படத்தை வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது, அடுத்து எதை வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசஸர். வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற போட்டி விளையாட்டுகளில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை நிரப்ப வேண்டுமானால் பிராசஸர் முதுகில் சுமை விழும். கதை சொல்லும் பெரிய கேம்களை 60 ஃப்ரேமில் ஆடுபவருக்குப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான் முதலில் திணறும். இரண்டையும் ஆட நினைப்பவருக்கு ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் நல்ல இடம். ரைசன் 5 5600, இன்டெல் ஐ5-12400எஃப் இரண்டும் அந்த இடத்தில்தான் நிற்கின்றன. கை மிகவும் இறுக்கமென்றால் ஐ3-12100எஃப். அதற்குக் கீழே புதிதாக எதையும் நான் போட்டுக் கொடுப்பதில்லை.

எண்ணில் சின்ன வித்தியாசம், வேலையில் பெரிய வித்தியாசம் என்று சில உண்டு. 5600-க்கு எல்3 கேஷ் 32 எம்பி. 5500-க்கு 16 எம்பி. கேம்களுக்கு இந்த கேஷ் பிடிக்கும். 5600 கிராஃபிக்ஸ் கார்டோடு பிசிஐஇ 4.0 வேகத்தில் பேசும், 5500 பேசாது. 5600ஜி-யிலும் கேஷ் பாதிதான், பிசிஐஇ 3.0தான், ஆனால் உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு. கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கலாம் என்பவருக்கு அது கை கொடுக்கும். இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால், அது திரும்பி வரும்வரை மானிட்டர் கறுப்புதான். கல்லூரி வேலையும் இதே கம்ப்யூட்டரில்தான் என்றால், விலை வித்தியாசம் குறைவாக இருக்கும் பட்சத்தில் எஃப் இல்லாத 12400-ஐ எடுக்கச் சொல்வேன்.

இப்போது போர்டு. ஏஎம்4-இல் ஏ520, பி450, பி550 என்று மூன்று பெயர் காதில் விழும். ஏ520-யும் பி450-யும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு பிசிஐஇ 3.0 தருகின்றன, பி550 தருவது 4.0. இது எல்லாருக்கும் முக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நான்கே லேன் உள்ள மலிவு கார்டைப் பழைய வேகத்து ஸ்லாட்டில் சொருகினால் ஃப்ரேம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். எட்டு லேன் உள்ள ஆர்எக்ஸ் 6600-க்கு அவ்வளவு அடி விழாது. ஆக, போர்டில் மிச்சம் பிடிக்கிற காசு எந்தக் கார்டில் போய் இடிக்கிறது என்று பார்த்துத்தான் மிச்சம் பிடிக்க வேண்டும்.

இன்டெல் பக்கம் எச்610, பி660, பி760. எச்610-இல் ரேம் ஸ்லாட் இரண்டுதான், ரேம் வேகத்தை ஏற்ற வழியில்லை. 12100எஃப் போட்டு அப்படியே ஓட்டுபவருக்கு அது போதும். பின்னால் ஐ7 ஏற்றலாம் என்ற எண்ணம் இருந்தால் போதாது. காரணம் விஆர்எம்.

விஆர்எம் என்பது பிராசஸர் சாக்கெட்டை ஒட்டி, பின்பக்க போர்ட்டுகளுக்கு அருகில் வரிசையாக நிற்கும் சின்னச் சதுரங்கள். எஸ்எம்பிஎஸ் அனுப்பும் 12 வோல்ட்டை 1.2 வோல்ட் அளவுக்கு இறக்கிப் பிராசஸருக்கு ஊட்டுவது அவைதான். 100 வாட் இழுக்கும் பிராசஸருக்கு அந்த வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் போக வேண்டும். ஒன்றரை டன் ஏசியே ஏழெட்டு ஆம்பியர்தான் எடுக்கிறது. அத்தனையும் நகம் அளவு சில்லுகள் வழியாகப் போகிறது. அவற்றின் மேல் அலுமினிய ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், சென்னையின் மே மாதத்து மதியத்தில், மின்விசிறி சுடுகாற்றைத்தான் கீழே தள்ளும். யூடியூப் சோதனைகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் நடக்கின்றன. அங்கே தாக்குப்பிடித்த மொட்டை விஆர்எம் இங்கே சூடேறி, பிராசஸர் வேகத்தைக் குறைத்துவிடும். பையன் அதைக் கேம் லேக் அடிக்கிறது என்பான், கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டுவான்.

ஏஎம்5 எடுக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். 2022-இல் வந்த சாக்கெட், டிடிஆர்5 ரேம் மட்டுமே ஏற்கும், 2027-க்கு அப்பாலும் ஆதரவு உண்டென்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. என் கணக்குப்படி நாளைய போர்டு அதுதான். ரைசன் 5 7500எஃப், ஹீட்சிங்க் உள்ள ஒரு பி650 போர்டு என்று போட்டால் பல வருடம் கவலை இல்லை. ஆனால் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியதில் அந்தக் கணக்கு இடித்தது. வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம் இருப்பவர் ஏஎம்4-ஐயோ இன்டெல் 12-ஆம் தலைமுறையையோ எடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஏஎம்5-க்காகக் கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்க வேண்டியிருந்தால், இறங்காதீர்கள்.

வாங்கும்போது கடைக்காரர் முன்னாலேயே போர்டு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஒழுங்காக இருந்தால் பின் வரிசைகள் எல்லாம் ஒரே சீராக மின்னும். ஒரு பின் வளைந்திருந்தாலும் அந்த இடம் மட்டும் மங்கலாகவோ கூடுதல் பளிச்சென்றோ தெரியும். பில் போட்ட பிறகு இதைக் காட்டினால் வாரண்டிக்காரர் கைவிரிப்பார். அந்த மூடியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அது மாட்டியிருக்க வேண்டும்.

ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரில் இருக்கின்றன, மொத்தம் 1331. ஒரு மூலையில் தங்க நிறச் சிறு முக்கோணம் இருக்கும். அதை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, கையை விட்டால் தானாக இறங்க வேண்டும். அழுத்தவே கூடாது. 5600-உடன் வரும் கூலரை மாட்ட, போர்டில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பிடிகளை முதலில் கழற்ற வேண்டும். கழற்றியதும் பின்பக்கத் தகடு விழுந்துவிடும், இடது கையால் தாங்கிக்கொள்ளுங்கள். நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பின்னாளில் கூலரை எடுக்கும்போது, கம்ப்யூட்டரைக் கொஞ்சநேரம் ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, கூலரை இடவலமாக மெல்லத் திருகிப் பேஸ்ட் இளகிய பிறகே தூக்க வேண்டும். நேராக இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வரும், பின்கள் வளையும்.

பயாஸில் இரண்டு வேலை மறக்கக் கூடாது. ஒன்று எக்ஸ்எம்பி, அதைப் போடாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மற்றொன்று, எமுலேட்டரில் மொபைல் கேம் ஆடுபவர்களுக்கு: ஏஎம்டியில் எஸ்விஎம், இன்டெல்லில் விடி என்ற விருப்பத்தை ஆன் செய்ய வேண்டும். ரேமும் ஒரே 16 ஜிபியாக இல்லாமல் இரண்டு எட்டாக இருக்கட்டும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள்.

ஐம்பது, அறுபதாயிரத்துக்குள் முதல் கேமிங் கம்ப்யூட்டர் போடுபவருக்கு என் தீர்ப்பு இது. வீட்டில் டிடிஆர்4 இருந்தால் 5600-உடன் ஹீட்சிங்க் உள்ள பி550, அல்லது 12400எஃப்-உடன் பி660. எல்லாமே புதிதாக வாங்குபவர், ரேம் விலை இடம் கொடுத்தால் ஏஎம்5. போர்டும் பிராசஸரும் சேர்ந்து மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போகிற காசு கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சேர வேண்டியது. கடையில் தரும் கொட்டேஷனில் போர்டு கம்பெனி, முழு மாடல் பெயர், இந்த பிராசஸருக்கு பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்ற மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.