மஞ்சள் சதுரம்

தோட்டவெளி. மணல், பனை, தலைமன்னார் வீதி. வேதசாட்சிகள் ஆலயத்து வாசலில் ஒரு தாய் செருப்பைக் கழற்றுகிறார். கைப்பையை மட்டும் உள்ளே கொண்டுபோகிறார்.

1544. சவேரியார் அனுப்பிய குரு மன்னாரில் ஞானஸ்நானம் கொடுக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து சங்கிலி மன்னனின் படை வருகிறது. ஏறத்தாழ 600 பேர் வெட்டுப்படுகிறார்கள். தொகை நிலைத்துவிட்டது. பெயர்கள் அநேகமாக இல்லை.

கைப்பைக்குள் லேமினேட் செய்த படம். காணாமல்போன மகன். ஒரு மூலை பிரிந்து காற்றுப் புகுந்திருக்கிறது. மகனுக்குப் பெயர் இருக்கிறது, பிறந்த திகதி இருக்கிறது, பள்ளிக்கூடச் சான்றிதழ்கூட இருக்கிறது.

2018 மார்ச். மன்னார் நகரில் சதொச விற்பனை நிலையக் கட்டடத்துக்கு நிலம் தோண்டுகிறார்கள். மண் விலைப்பட்டு ஒரு வீட்டு வளவுக்குப் போகிறது. மண்ணோடு எலும்பும் போகிறது.

பிறகு வேலி, தூரிகை, இலக்கத் துண்டு. 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். சிறுவர்களுடையவையும் உண்டு. வேலிக்கு வெளியே, போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார். ஒருவர் குடையை விரிக்கிறார், இருவர் அதற்குள் வருகிறார்கள்.

ஆறு மாதிரிகள் புளோரிடாவுக்குப் போகின்றன. ஆய்வுகூடம் எலும்பில் மிஞ்சிய காபன்-14ஐ அளக்கிறது. அது பாதியாகத் தேய 5,730 ஆண்டுகள் பிடிக்கும். 2019 மார்ச்சில் முடிவு வருகிறது: 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலம். 1544 அதற்குள் அடங்குகிறது. ஆறு போதாது என்கிறார்கள் குடும்பங்களின் வழக்கறிஞர்கள். கொழும்புப் பத்திரிகைகளுக்கு ஒரு தலைப்பு கிடைத்துவிடுகிறது.

தாய்மார் கேட்பது காலத்தை அல்ல, ஆளை. அதற்கு வேறு பரிசோதனை. தாயின் கன்னத்து உட்புறத்தில் ஒரு பஞ்சுக்குச்சி, எலும்புக்கூட்டின் பல்லிலிருந்து சிறிது தூள். இழைமணி டி.என்.ஏ. தாய்வழியே அநேகமாக மாறாமல் இறங்கும். எச்சில் போதும்.

அந்த எச்சில் எங்கே, எத்தனை ஆண்டு இருக்கும்? மற்றப் பிள்ளைகளைப் பற்றியும் அது பேசுமே, அதை யார் கேட்பார்? இப்படிப்பட்ட சம்மதப் படிவங்களில் இவை சின்ன எழுத்தில் வரும். கையொப்பக் கோடு நீளமாக இருக்கும்.

பஸ் தரிப்பிடம். ஓர் இளைஞன் கைபேசியை முகத்துக்கு நேரே தூக்குகிறான். அது அவனை அறிந்து திறக்கிறது.

தாய் படத்தை எடுத்து நீட்டுகிறார். பிரதி ஒன்று வேண்டுமாம், இது பழுதாகிறதாம். இளைஞன் குனிகிறான். கைபேசி, படத்துக்குள்ளிருக்கும் முகத்தைக் கண்டுபிடித்து மஞ்சள் சதுரம் போடுகிறது.

"வெளிச்சம் அடிக்குது தம்பி," என்கிறார். "கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ."