பல் போனால் சொல் போகுமா?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறருடைய சொற்களைத் திருத்திப் பிழைத்தவன் நான். ஐம்பத்தெட்டாவது வயதில் என் சொல்லே தடுமாறும் என்று எதிர்பார்க்கவில்லை.

முரசு நோயினால் ஆட்டங்கண்ட பற்கள் யாவும் அகற்றப்பட்டு, மேலும் கீழுமாக முழுப் பற்தொகுதி கட்டப்பட்டது. மேற்தொகுதி அண்ணத்தோடு ஒட்டி ஓரளவு அடங்கியிருந்தது. லாட வடிவான கீழ்த்தொகுதியோ நாக்கு அசையுந்தோறும் மிதந்தது. சொதியில் ஊறிய இடியப்பத்தோடு வயிறு சமாதானமாகிவிட்டது. பேச்சுத்தான் சமாதானமாகவில்லை.

பல்கலைக்கழகத்தில் தொல்காப்பியப் பிறப்பியலைப் பரீட்சைக்காக மனனஞ் செய்திருந்தேன். வகரத்துக்குப் பல்லும் உதடும் வேண்டும். தகர நகரங்களுக்கு நாநுனி மேற்பல்லின் அடியை நாட வேண்டும். தொலைபேசியில் 'வணக்கம்' சொல்ல முயன்று தோற்றபோதே அப்பாடம் உண்மையில் விளங்கியது. அழைப்புகளை எடுப்பதையே தவிர்க்கலானேன்.

அவ்வேளையில், ஆசிரியபீடத்தில் என்னோடு நெடுங்காலம் பணியாற்றிய நண்பர் காலமானார். முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் பேசுமாறு அவருடைய மகள் கேட்டாள். "நீங்கள் பேசாமல் வேறை ஆர் அங்கிள் பேசுறது?" என்றாள். மறுக்க மனம் வரவில்லை. காரணம் சொல்ல வெட்கம்.

பல் வைத்தியரிடம் சென்றேன். குழாய்ப் பசையொன்றை எழுதித் தந்தார். அக்காலத்தில் பத்திரிகைப் பக்கங்களில் பத்திகளை வெட்டி ஒட்டிய பழக்கத்தில் தாராளமாகப் பூசினேன். பசை வழிந்து தொண்டைவரை பிசுபிசுத்தது. மறுநாள் வைத்தியர் முறையாக விளக்கினார். தொகுதியைக் கழுவி ஈரமின்றித் துடைக்க வேண்டும். மூன்று நான்கு இடங்களில், ஓரங்களைத் தவிர்த்து, சிறு பொட்டளவு இட்டால் போதும். வாயில் வைத்து அழுத்திச் சில விநாடிகள் கடித்திருக்க வேண்டும். இரவில் தொகுதியைக் கழற்றி, முரசில் எஞ்சிய பசையையும் துடைத்தெடுக்க வேண்டும்.

"இது துணை மட்டுமே. பல் அகற்றிய பின் தாடை எலும்பு சுருங்கும். முதலாண்டிலேயே அது அதிகம். தொகுதி தளர்ந்தால் பசையைக் கூட்டாமல் என்னிடம் வாருங்கள், உட்புறத்தை நிரப்பிச் சீராக்கலாம்" என்றார். துத்தநாகம் சேர்ந்த பசையை நெடுங்காலம் அளவு மீறிப் பயன்படுத்திய சிலருக்குச் செப்புச் சத்துக் குறைந்து நரம்புகள் பாதிக்கப்பட்டதை 2008இல் மருத்துவர்கள் பதிவு செய்திருந்தனர். ஆகவே துத்தநாகம் இல்லாத பசையையே தேடி வாங்கினேன்.

நாள்தோறும் காலையில் ஆசிரியத் தலையங்கத்தை உரத்து வாசித்துப் பழகினேன். கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினேன். ஓரிடத்தில் குரல் நின்றது. அதற்குப் பல் காரணமன்று.

கூட்டம் முடிந்ததும், பல காலமாக மேடையேறாதிருந்த மூத்த எழுத்தாளர் ஒருவர் கைக்குட்டையால் வாயை மறைத்தபடி அருகில் வந்தார்.

"தம்பி, புதுப் பல்லோ? எப்பிடி ஆடாமல் நிக்குது?"

அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதியிருக்கிறேன். வெட்கத்தினால் வாய்மூடியிருக்கும் வேறு எவருக்கேனும் இது உதவக்கூடும்.