செடியே எழுதட்டும்

கல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்திலிருந்து வடக்கே ஆச்சார்ய பிரபுல்ல சந்திர சாலையில் நடந்தால் ராஜாபஜார் நெரிசல் ஆளை விழுங்கிவிடுகிறது. ஹாரன் சத்தத்துக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில்தான் போஸ் இன்ஸ்டிடியூட். 1917 நவம்பர் 30, தம்முடைய 59ஆம் பிறந்தநாளில் ஜகதீஷ் சந்திர போஸ் இதைத் திறந்துவைத்தார். இது ஆய்வுக்கூடம் மட்டுமல்ல, கோயில் என்றே அறிவித்தார். ததீசி முனிவரின் எலும்பால் ஆன வஜ்ராயுதம்தான் இதன் சின்னம். வாசலருகே விளக்கேந்தி நடக்கும் பெண்ணின் புடைப்புச் சிற்பம், போஸின் பணிக்குத் துணைநின்ற சகோதரி நிவேதிதாவின் நினைவாக.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பித்தளையும் மரமுமாக அவருடைய கருவிகள். பார்த்ததும் எங்கள் ஊர்ப் பழைய கடிகாரக் கடைதான் ஞாபகம் வந்தது. செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டிய கிரெஸ்கோகிராஃபைத் தேடித்தான் எல்லாரும் வருகிறார்கள். எனக்கென்னவோ அதற்குப் பக்கத்துக் கருவிமேல்தான் மனம் போயிற்று.

விஷயம் இதுதான். தொட்டாற்சிணுங்கியின் இலைக்காம்பில் ஒரு நூல். நூலின் மறுமுனை மிக லேசான நெம்புகோலில். அதன் நுனியில் வளைந்த கம்பி. எதிரே விளக்குப்புகை படியவைத்த கண்ணாடித் தகடு. இலை தாழ்ந்தால் கம்பி கரியைக் கீறிக் கோடு போடும். போட வேண்டும். ஆனால் அந்த இலைக்கு எவ்வளவு பலம்? கண்ணாடியில் உரசும் தடையே அதற்கு மலை. போஸ் என்ன செய்தார் தெரியுமா? கம்பியை ஓயாமல் அதிரவிட்டு, தகட்டைத் தொட்டுத் தொட்டு விலகச் செய்தார். கோடு போய்ப் புள்ளிகள் வந்தன, உரசலும் ஒழிந்தது. அதிர்வின் வேகம் முன்பே தெரியுமாதலால், ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பதும் கையோடு கிடைத்தது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளந்தார்.

“தாதா, அந்தப் பக்கமும் இருக்கு, பாருங்க” என்று காவலர் சொல்லும்வரை நான் நகரவில்லை.

அசையும் செடி சரி, அசையாத முள்ளங்கி? அதற்குத்தான் மின்சாரம். செடியில் இரண்டு இடங்களில் மின்முனைகள், நடுவே கால்வனாமீட்டர். கிள்ளினாலும் சுட்டாலும் முள் திரும்பியது. கேரட்டும் பதில் சொன்னது. நம் சித்த வைத்தியர்களுக்குப் பழக்கமான தொழுகண்ணி அவருக்குச் செல்லச் செடி: பெரிய இலையின் அடியில் இருக்கும் சிற்றிலைகள் வெதுவெதுப்பில் கண்ணெதிரேயே ஏறி இறங்கும். அந்த அசைவோடு கூடவே மின்துடிப்பும் எழுவதைப் பதிவுசெய்தார். ஈதர் ஆவி பட்டால் துடிப்பு நின்றது. நல்ல காற்று பட்டதும் திரும்பியது.

1901 ஜூன் 6 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் செடிகளின் இந்த மின்பதிலைப் பற்றிச் சொன்னபோது, மூத்த உடலியலாளர் பர்டன் சாண்டர்சன் ஏற்கவில்லை. இத்தனைக்கும் பூச்சி பிடிக்கும் வீனஸ் செடியில் மின்துடிப்பை 1873இலேயே அளந்தவர் அவர்தான்! சாதாரணச் செடிக்கு அந்த யோக்கியதை கிடையாது என்பது அவர் கட்சி. போஸ் தம் முடிவை மாற்றிக்கொள்ள மறுத்தார். கட்டுரை அப்போது வெளிவரவில்லை. அதே சங்கம் 1920இல் அவரை உறுப்பினராக்கிக்கொண்டது.

எல்லாவற்றிலும் அவர் ஜெயித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் உயிரணுக்கள் துடித்துத்தான் வேரின் நீர் உச்சிக்கு ஏறுகிறது என்ற அவர் வாதம் நிற்கவில்லை. இலையில் நீர் ஆவியாகும்போது ஏற்படும் இழுவையே காரணம் என்பதுதான் இன்றைய தாவரவியல். மின்சைகையில் மட்டும் காலம் அவர் பக்கம் வந்தது. புழு கடித்த இலையிலிருந்து மற்ற இலைகளுக்கு மின்சைகை போய், அங்கே தற்காப்பு தொடங்குவதை 2013இல் சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2015இல் சான் டியாகோவிலிருந்து வந்த சேதி இன்னும் விசித்திரம்: கூட்டமாகப் படிந்து வாழும் பாக்டீரியாக்கள்கூடப் பொட்டாசியம் அயனிகளால் மின்சைகை அனுப்பிக்கொள்கின்றன. உள்ளே இருப்பவை பசித்தால் விளிம்பில் இருப்பவை வளர்ச்சியைத் தாமதிக்கின்றன.

போஸே சொன்ன கதை ஒன்று உண்டு. இன்றைய வங்காளதேசத்தின் ஃபரித்பூரில் ஒரு பேரீச்ச மரம், மாலையில் கோயில் மணி அடிக்கும் நேரம் தலைதாழ்த்தி வணங்கும், காலையில் நிமிரும். ஊரே கும்பிட்டது. கருவி பொருத்த மரத்தின் சொந்தக்காரர் ஒப்பவில்லை; வெளிநாட்டுச் சாமான் பட்டால் மகிமை போய்விடுமாம். கருவி கல்கத்தாவில் நம்மவர்கள் செய்தது, கட்டப்போகிற உதவியாளரும் ஒரு பூசாரியின் மகன்தான் என்று எடுத்துச் சொன்ன பிறகே இசைந்தார். பூசாரி மகன் கட்டிய கருவி இரவும் பகலும் கோடு போட்டது: வெப்பம் ஏறினால் மரம் சாய்கிறது, குளிர்ந்தால் நிமிர்கிறது, மணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.