ஆத்தங்குடித் தரை

காரைக்குடிப் பக்கம் போகும் வாசகர்கள் ஆத்தங்குடியைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள். மலாயாவிலும் பர்மாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டியார்கள் ஊரில் கட்டிய வீடுகள் பலவற்றில் இந்தப் பூக்கல் தரைதான். கண்ணாடித் துண்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் இறுகுகிறது! அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது.

நம் வீட்டுப் பழைய சிமெண்டுத் தரைக்கு என்ன வழி என்று அங்கிருந்த கொத்தனாரைக் கேட்டேன்.

"பழசைக் கொத்திச் சொரசொரப்பாக்கிக் கழுவுங்கண்ணே. ஈரத்தோடு காவி கலந்த சிமெண்டைப் பூசித் தேயுங்க. ஒரு வாரம் காயவிடாதீங்க. நல்லா இறுகினப்புறம் தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைச்சா போதும்" என்றார். அடியில் ஓதம் இருந்தால் பூச்சு பெயர்ந்துவிடுமாம்.

எங்கள் தோட்டத்து வீட்டில் மழைக்காலமானால் ஒரு மூலை நசநசவென்றிருக்கும். அம்மா பாய் விரிப்பது அங்கேதான். காவி பிறகு, முதலில் ஓதத்தைப் பார்க்கவேண்டும்.