செத்த காலேஜும் உயிர் காலேஜும்

பள்ளிக்கூடம் லீவு விட்டாலே எனக்குப் பகீரென்கிறது. நாலு நாள் கேரம் போர்டு, நாலு நாள் டி.வி., அப்புறம் "எங்கேயாவது கூட்டிட்டுப் போம்மா" என்று நச்சரிப்பு ஆரம்பித்துவிடும். கடற்கரை என்றால் வெயில், சினிமா என்றால் செலவு. இந்தத் தடவை எழும்பூர் மியூசியம் போகலாம் என்று நானே சொன்னேன்.

"செத்த காலேஜுக்கா?" என்று குதித்தான் பெரியவன். அவனுக்கு ஒன்பது வயது. அது அவன் ஆயா சொல்லிக் கொடுத்த வார்த்தை. என் மாமியார் பிறந்து வளர்ந்தது புதுப்பேட்டையில். அந்தக் காலத்துப் பட்டணத்து ஜனங்களைப் போல அவருக்கும் மியூசியம் என்றால் 'செத்த காலேஜ்', மிருகக்காட்சிசாலை என்றால் 'உயிர் காலேஜ்'.

"செத்துப் போறதுன்னா என்னம்மா?" என்றாள் சின்னவள். ஐந்து வயது.

"சீக்கிரம் செருப்பைப் போடு, ட்ரெயின் போயிடும்" என்றேன் நான்.

காரணம் இருக்கிறது, சகோதரிகளே. அத்தை தை மாதம் காலமாகிவிட்டார். அப்போது சின்னவளை என் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். திரும்பி வந்து "ஆயா எங்கே?" என்று கேட்டபோது, "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். குழந்தையிடம் வேறு என்ன சொல்வது? அன்றிலிருந்து சாயங்காலமானால் வாசற்படியில் உட்கார்ந்து, மெயின் ரோடு பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் பிடித்துத் தாம்பரம் போய், அங்கிருந்து மின்சார ரயில். பல்லாவரம் மலை தெரிந்ததும், "இதோ பாருங்க, இந்த ஊர்ல கிடைச்ச மாதிரி கல்லைத்தான் மியூசியத்துல பார்க்கப் போறோம்" என்றேன். 1863-ம் வருஷம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர், பல்லாவரத்தில் சரளைக் கல்லுக்கு நடுவே ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது தானாக உடைந்த கல் இல்லை, ஆதிமனிதன் கையால் செதுக்கிய கருவி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தியாவில் இப்படி அடையாளம் கண்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். நாம் தினமும் ரயிலில் தாண்டிப் போகிற ஊர்!

எழும்பூரில் இறங்கி ஆட்டோவில் பாந்தியன் சாலைக்குப் போனோம். மியூசியம் 1851-ல் கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டிடத்தில் தொடங்கியதாம். 'காலேஜ்' என்ற பெயர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது என்பார்கள். 1854-ல் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தது. முதல் அதிகாரியான எட்வர்ட் பால்ஃபோர், மறு வருஷமே இதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். ஆர்க்காட்டு நவாப் தம்மிடமிருந்த மிருகங்களையும் கொடுத்தாராம். 1863-ல் அவை சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. 1985-ல் மிருகக்காட்சிசாலை நம்ம வண்டலூருக்கே வந்துவிட்டது. ஆக, செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஒரே வீட்டில் பிறந்த அக்கா, தங்கைகள்தான்!

உள்ளே போனதும் பெரியவன் பறவை, பாம்பு என்று ஓடினான். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். "எவ்ளோ பெரிய மீனும்மா!" "மீன் இல்லடா. அதுவும் குட்டி போட்டுப் பால் கொடுக்கும், நம்மள மாதிரி மூச்சு விட மேலே வரும்" என்றேன். துடுப்பைக் காட்டினேன். அதற்குள்ளே தோள் எலும்பு, முன்கை எலும்பு, விரல் எலும்பு எல்லாம் வரிசையாக இருக்கின்றன. தன் கையை நீட்டி நீட்டி ஒப்பிட்டுப் பார்த்தான்.

சின்னவள் யானையின் எலும்புக்கூட்டை விட்டு நகரவே இல்லை.

"அம்மா, தும்பிக்கை எங்கே?"

"தும்பிக்கையில எலும்பே கிடையாதுடா கண்ணு. முழுக்க சதைதான். அதனால அது மிஞ்சல."

"இந்த யானை செத்துப்போச்சா?"

"ஆமாம்."

"திரும்பி வராதா?"

"வராது."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஆயாவும் இதே மாதிரியா?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மறுபடி ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அந்த யானைக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அங்கேயே குந்தி உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். "ஆமாம்மா. ஆயா செத்துப்போயிட்டாங்க. உடம்புக்கு ரொம்ப வயசாயிடுச்சு, வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. திரும்பி வர மாட்டாங்க. அம்மா உங்கிட்ட ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொன்னது தப்பு."

அழுதாள். நானும் அழுதேன். காவலாளி அம்மா ஒருத்தர் ஒன்றும் கேட்காமல் நாற்காலியை நகர்த்திப் போட்டார். பெரியவன் வந்து தங்கையின் தோளில் கை போட்டான். "தும்பிக்கை இல்லேன்னாலும் யானைக்கு இருந்துச்சுன்னு நமக்குத் தெரியும்ல? ஆயா சொன்ன கதையெல்லாம் நமக்குத் தெரியும்ல?" என்றான். நான் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பிறகு கற்கருவிகளைப் பார்த்தோம். ஃபூட் சேர்த்து வைத்த கருவிகளை இந்த மியூசியம் 1904-ல் வாங்கியது. செதுக்கிய கை மறைந்து எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. கல் இருக்கிறது. கைக்குள் அடங்குகிற அளவு, ஒரு பக்கம் கூர்மை. "நம்ம அம்மிக் குழவி மாதிரி" என்றாள் சின்னவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அன்று ராத்திரி படுக்கையில் இன்னும் இரண்டு மூன்று கேள்வி கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததற்குத் தெரியாது என்றேன். அப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தச் சில மாதங்களாக நான் ஊருக்குப் போகப் பெட்டி எடுத்தாலே அவள் அப்படி அலறியது ஏன்? ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று நான்தானே கற்றுக் கொடுத்தேன்! 'தூங்கிவிட்டார்' என்று சொன்னாலும் இதே கதைதான். குழந்தை தூங்கவே பயப்படும். சிறு குழந்தைகளுக்கு, செத்துப்போனால் உடம்பு வேலை செய்யாது, வலிக்காது, திரும்பி வர மாட்டார்கள் என்று நேராக, சுருக்கமாகச் சொல்வதே நல்லது. அவர்கள் நாலு தடவை கேட்டாலும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தை. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெயிலுக்கு முன்னால் காலையிலேயே போய்விடுங்கள். வளாகம் பெரியது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட்டால் குழந்தைகள் துவண்டுவிடும், இரண்டு மூன்று கூடங்கள் போதும். சில கூடங்கள் பழுது பார்க்க மூடியிருக்கலாம், வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலும் புளிசாதமும் கையோடு இருக்கட்டும். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தால், பிடித்த ஒன்றை வரைந்துகொண்டு வருவார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா, "எங்கேடி போயிருந்தீங்க?" என்று கேட்டார். "செத்த காலேஜுக்கு" என்றாள் சின்னவள். "எங்க ஆயாகூட செத்துப்போயிட்டாங்க. ஆனா அவங்க அம்மி எங்க வீட்லதான் இருக்கு."

அன்று சாயங்காலம் அவள் வாசற்படியில் உட்காரவில்லை. அடுக்களையில் வந்து, நான் சட்னி அரைக்க அரைக்க, தேங்காயைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் உயிர் காலேஜுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.